ஆற்றுக்குள் பைல் போடும் நாள்: டேப்பும் நோட்டும் கையை விட்டுப் போகக்கூடாது

பைல் என்பது பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் துளை போட்டு வார்க்கும் கான்கிரீட் தூண். 1.2 மீட்டர் விட்டமுள்ள பைலில் கான்கிரீட் 1 மீட்டர் ஏற வேண்டுமானால் 1.13 கன மீட்டர் வேண்டும். பாலம் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் மனப்பாடம் செய்யச் சொல்வது இந்த ஓர் எண்ணைத்தான். 6 கன மீட்டர் ஏற்றி வரும் ஒரு டிரான்சிட் மிக்சர், அதாவது ஒரு டிஎம், காலியானால் பைலுக்குள் 5.3 மீட்டர் ஏறியிருக்க வேண்டும். ஏறியதா இல்லையா என்று டேப்பில் கட்டிய குண்டை இறக்கிப் பார்ப்பவர்தான் பைல் போடுகிறார். மற்றவர்கள் ஒரு குழியில் கான்கிரீட்டைக் கொட்டுகிறார்கள்.

பாலிடெக்னிக் முடித்துவிட்டு 2008-ல் சைட்டுக்கு வந்தேன். இப்போது கரூர் பக்கத்துக் கான்டிராக்டர் ஒருவரிடம் பைலிங் பொறுப்பைப் பார்க்கிறேன். மாநில நெடுஞ்சாலைப் பாலங்கள், சில சமயம் பெரிய கம்பெனியிடமிருந்து சப் கான்டிராக்டாக வரும் நாற்கரச் சாலைப் பாலங்கள். எங்களிடம் இருப்பது கான்கிரீட் கலக்கும் சொந்த பேட்சிங் பிளான்ட் ஒன்று, 4 டிஎம், ஒரு கிரேன். துளை போடும் பைலிங் ரிக் மாத வாடகைக்கு வருவது. பெரிய கம்பெனிகளில் ஒரு வண்டி பழுதானால் இன்னொன்று நிற்கும். எங்களுக்கு அந்த வசதி கிடையாது. அதனால் கணக்கை முன்கூட்டியே போட்டாக வேண்டும். கீழே சொல்வதெல்லாம் மணல் ஆற்றில், பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பித் துளை போட்டு, அடிவரை இறங்கும் டிரெமி பைப் வழியாகக் கான்கிரீட் இறக்கும் பைலுக்கு.

எதற்கு இவ்வளவு ஆழம்

ஜனவரி கடைசியில் கொள்ளிடத்தில் இறங்கினால் கண்ணுக்கெட்டிய தூரம் மணல். தண்ணீர் ஓர் ஓரத்தில் முழங்கால் அளவு ஓடும். "இதுக்குப் போயி இருபது மீட்டரா?" என்று எல்லாரும் கேட்பார்கள். நானும் கேட்டிருக்கிறேன். வெள்ளம் வரும்போது அந்த மணல் அங்கே இருக்காது என்பதுதான் பதில். பாலத்தின் தூணான பியரைச் சுற்றித் தண்ணீர் சுழன்று அடிமணலைத் தோண்டிக்கொண்டு போகும். வெள்ளத்தின் அளவையும் மணலின் பருமனையும் வைத்துச் சராசரி அரிப்பு ஆழத்தைக் கணக்கிட்டு, பியர் இருக்கும் இடத்தில் அதை இரண்டால் பெருக்குவார்கள். பாலம் கரையில் உட்காரும் அபட்மென்டுக்கு 1.27. அந்த மட்டத்துக்குக் கீழே இருக்கும் பைல் மட்டும்தான் பாலத்தைப் பிடித்து நிறுத்தும். மேலே இருக்கும் மணலைக் கணக்கில் சேர்க்கவே கூடாது.

திருவரங்கத்தையும் வடகரையில் நம்பர் 1 டோல்கேட்டையும் இணைத்த பழைய இரும்புப் பாலம் 1928-ல் கட்டியது. 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் அதன் தூண்கள் சரிந்தன. போக்குவரத்து அதற்கு முன்பே பக்கத்துப் புதுப் பாலத்துக்கு மாறியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. 90 வருஷம் தாங்கிய பாலம் அது, குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் வரைபடத்தில் பைலின் ஆழத்தைப் பார்த்து, ஒரு மீட்டர் குறைத்தால் என்ன என்று யாராவது கேட்டால் நான் அந்தத் தூண்களைத்தான் நினைத்துக்கொள்வேன்.

துளை போடும்போது

சென்டரைக் குறித்தவுடன் அதிலிருந்து நாலு பக்கமும் 2 மீட்டர் தள்ளி நாலு முளை அடித்துவிடுங்கள். துளையின் மேல்பகுதியைக் காக்கும் இரும்புக் குழாயான கேசிங்கை இறக்கியதும் சென்டர் முளை போய்விடும். நாலு முளைக்கும் குறுக்கே நூல் கட்டினால்தான் கேசிங் நகர்ந்ததா என்று தெரியும். 75 மில்லிமீட்டருக்கு மேல் தள்ளியிருந்தால் அப்போதே பிடுங்கித் திரும்ப இறக்குங்கள். சாய்வு 150-க்கு 1 வரை ஒத்துக்கொள்வார்கள். 20 மீட்டரில் அது 13 சென்டிமீட்டர். ரிக்கின் கேபினில் காட்டும் எண்ணை மட்டும் நம்பாமல் துளையிடும் தண்டான கெல்லி பாரில் மட்டக்கோல் வைத்து இரண்டு திசையிலும் பாருங்கள். மணல் மேட்டில் நிற்கும் ரிக், வேலை செய்யச் செய்ய ஒரு பக்கம் புதையும்.

கேசிங் முடிந்த இடத்துக்குக் கீழே துளையின் சுவரைப் பிடித்துக்கொள்வது பென்டோனைட் கரைசல்தான். அது நிலத்தடி நீர்மட்டத்தைவிடக் குறைந்தது ஒன்றரை மீட்டர் உயரத்தில் நிற்க வேண்டும். ஆற்றுக்குள் நீர்மட்டம் காலடியில் இருக்கும், ஆகவே மணல் மேட்டை உயர்த்துவதும் கேசிங்கை மேலே நீட்டி விடுவதும் முதலிலேயே செய்ய வேண்டிய வேலை. டீ குடிக்கப் போன நேரத்தில் கரைசல் ஒரு மீட்டர் இறங்கியிருந்தால் உள்ளே சுவர் சரிந்திருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கரைசலைப் பார்க்க மார்ஷ் புனல் போதும். புனலை நிரப்பி, அடியில் வைத்த விரலை எடுத்து, 946 மில்லி கப் நிறைய எத்தனை விநாடி என்று பாருங்கள். வெறும் தண்ணீர் 26 விநாடியில் நிறையும். நல்ல கரைசலுக்கு 30-லிருந்து 60. அடர்த்தி புதிதாகக் கலக்கும்போது 1.03-லிருந்து 1.10. துளை போடப் போட மணல் கலந்து 1.25 வரை ஏறலாம். கான்கிரீட்டுக்கு முன் துளையைக் கழுவி, அதாவது பிளஷிங் செய்து, அதை 1.12-க்குக் கீழே கொண்டுவர வேண்டும். சாம்பிளைத் துளையின் அடியிலிருந்து எடுங்கள். மேலே மொண்டு பார்த்தால் எல்லா நாளும் நன்றாகத்தான் இருக்கும்.

மண் மாறும்போதெல்லாம் ஒரு கை மண்ணை பாலிதீன் பையில் போட்டு, ஆழத்தை எழுதிக் கட்டி வையுங்கள். மண் பரிசோதனை அறிக்கையில் 14 மீட்டரில் களிமண் என்று இருந்து, பக்கெட்டில் இன்னும் மணலே வந்தால் கன்சல்டன்டைக் கூப்பிட வேண்டிய நேரம் அது.

கம்பிக் கூட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கவர் 75 மில்லிமீட்டர், அதற்கு ரோலர் கவர் பிளாக் கட்டுங்கள். கூடு தொங்கிக்கொண்டிருக்க வேண்டும், அடியில் ஊன்றி நிற்கக்கூடாது. இரண்டு துண்டாக வந்தால் இணைக்கும் நேரத்தையும் கணக்கில் சேருங்கள். துளை திறந்து கிடக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அடியில் வண்டல் சேர்கிறது.

அடியைக் கையால் பார்ப்பது

டேப்பின் நுனியில் ஒன்றரைக் கிலோ இரும்புக் குண்டு கட்டி வைத்திருக்கிறேன். அடிப்பாகம் தட்டையாக இருக்க வேண்டும். கூர்மையான குண்டு சேற்றுக்குள் இறங்கிப் பொய் சொல்லும். துளை முடிந்தவுடன் நாலு இடத்தில் இறக்கி ஆழத்தை எழுதுங்கள். கூட்டையும் டிரெமி பைப்பையும் இறக்கி, பிளஷிங் முடித்தபிறகு அதே நாலு இடத்தில் திரும்ப இறக்குங்கள். முதலில் 20.00 என்றும் இப்போது 19.80 என்றும் வந்தால் 20 சென்டிமீட்டர் வண்டல் உட்கார்ந்திருக்கிறது. பைல் அதன் மேல்தான் நிற்கும். திரும்பக் கழுவ வேண்டும்.

எண் சரியாக வந்தாலும் கை சொல்வதைக் கேளுங்கள். குண்டை ஒரு சாண் தூக்கி விடும்போது சுத்தமான அடி என்றால் "டொக்" என்று விரலில் ஓர் அதிர்வு வரும், டேப் உடனே தொய்யும். வண்டல் இருந்தால் அந்த அதிர்வு வராது. டேப் மெதுவாகத் தொய்யும், தூக்கும்போது ஏதோ பிடித்து இழுத்து விடுவதுபோல் இருக்கும். இதை எழுத்தில் சொல்லிப் புரியவைக்க முடியாது. பத்துப் பைல் நீங்களே இறக்கிப் பாருங்கள், ஹெல்பரிடம் கொடுத்துவிட்டு எண்ணை மட்டும் கேட்டு எழுதாதீர்கள்.

கான்கிரீட்

எங்கள் பைல்களுக்கு எம்35, சிமென்ட் கன மீட்டருக்குக் குறைந்தது 400 கிலோ, கான்கிரீட் எவ்வளவு இளகியிருக்கிறது என்று காட்டும் ஸ்லம்ப் 150-லிருந்து 200 மில்லிமீட்டர். அந்த ஸ்லம்ப் பைல் வாயில் இருக்க வேண்டும், பேட்சிங் பிளான்டில் அல்ல. எங்கள் பிளான்டிலிருந்து சைட் 28 கிலோமீட்டர், நடுவில் ஒரு ரயில்வே கேட். மே மாத வெயிலில் 190-ல் கிளம்பியது 120-ல் வந்து நிற்கும். அதற்காகக் கான்கிரீட்டை மாலை 5 மணிக்குமேல் தொடங்குவேன். பிளான்டில் இரண்டு மணி நேரம் கழித்து ஸ்லம்ப் என்னவாகிறது என்று முன்பே டிரையல் எடுத்துப் பார்த்து, இளக்கம் குறையாமல் இருக்கக் கலக்கும் அட்மிக்சரின் அளவை முடிவு செய்துகொள்ளுங்கள். டிரைவர் ஹோஸைத் திறந்து டிரம்முக்குள் தண்ணீர் விடுவதை ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். வண்டியைத் திருப்பி அனுப்பினால் முதலாளிக்குப் பணம் நட்டம்தான். திருப்பி அனுப்பிய அன்று என்னிடம் யாரும் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததும் உண்டு. பரவாயில்லை.

20 மீட்டர் பைலுக்குக் கணக்குப்படி 22.6 கன மீட்டர். சுவர் அங்கங்கே அகன்றிருக்கும் என்று 10 சதவீதம் சேர்த்தால் 25. நாலு டிஎம் போதாது. முதலில் காலியான வண்டி ஐந்தாவது நடையாகத் திரும்பி வர வேண்டும். முதல் இரண்டு வண்டி சைட்டில் வந்து நின்றபிறகுதான் தொடங்குவேன். பிளான்டில் ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்று போனில் கேட்பேன். வழியில் திருவிழா, தேர் என்று ரோட்டை மறிப்பார்களா என்று டிரைவர்களிடம் கேட்பேன். ஆடி மாதத்தில் எந்த ஊரில் எப்போது மறிப்பார்கள் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

டிரெமி பைப்பை இறக்கும் முன் எல்லாத் துண்டையும் மணலில் வரிசையாகப் படுக்கப்போட்டு, ஒவ்வொன்றையும் அளந்து, சாக்பீஸால் எண் போடுங்கள். மரையில் கிரீஸ், ரப்பர் வளையம் இரண்டையும் பாருங்கள். ஒரு ஜாயின்ட் ஒழுகினாலும் பென்டோனைட் உள்ளே வந்து கான்கிரீட்டைக் கழுவிவிடும். பைப்பின் வாய் அடியிலிருந்து 25 சென்டிமீட்டர் மேலே நிற்கட்டும்.

முதல் சார்ஜில், அதாவது முதலில் விடும் கான்கிரீட்டில்தான் பாதி வெற்றி. துளையில் 1 மீட்டர் ஏறி பைப்பின் வாயை மூட 1.13 கன மீட்டர். வெளியே 20 மீட்டர் பென்டோனைட் அழுத்துவதால் 250 மில்லிமீட்டர் விட்டமுள்ள பைப்புக்குள்ளேயே ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்குக் கான்கிரீட் நிற்கும், அது 0.45. ஆக 1.6 கன மீட்டர் ஒரே மூச்சில் இறங்க வேண்டும். பைப்பின் தலையில் இருக்கும் புனலான ஹாப்பர் 1 கன மீட்டர்தான் பிடிக்கும் என்றால், அதன் அடியை மூடிய பிளேட்டைத் தூக்கும் அதே நொடியில் டிஎம் வேகமாகச் சுற்றி மீதியைக் கொட்ட வேண்டும். பிளேட் எழும்பியதும் கேசிங் வாயில் பென்டோனைட் குபுகுபுவென்று பொங்கி வழியும். அந்தப் பொங்கல் வந்தால் சரி, சீல் ஆகிவிட்டது.

அப்புறம் ஒவ்வொரு வண்டிக்கும் இதேதான்: நிறுத்து, குண்டு இறக்கு, எழுது, அதன்பிறகு எத்தனை பைப் கழற்றலாம் என்று சொல்.

முதல் வண்டி முடிந்ததும் கான்கிரீட்டின் மேல்மட்டம் 15.10-ல் இருக்கிறது என்று வையுங்கள். பைப்பின் வாய் 19.75-ல். 4.65 மீட்டர் புதைந்திருக்கிறது. பைப் ஒவ்வொன்றும் 2 மீட்டர். ஒன்றைக் கழற்றினால் 2.65 மிச்சம், நல்லது. இரண்டைக் கழற்றினால் 0.65 தான் மிச்சம், கிரேன் ஓர் ஆட்டம் ஆடினால் பைப் வெளியே வந்துவிடும். 2 மீட்டருக்குக் குறையக்கூடாது என்பது எங்கள் சைட்டின் சட்டம். ரொம்ப ஆழமாகப் புதையவும் விட மாட்டோம். இறுகிக்கொண்டால் உருவ முடியாது.

அதே எண் இன்னொன்றையும் சொல்லும். 5.3 மீட்டர் ஏற வேண்டிய இடத்தில் 4.9 ஏறினால் சுவர் அகன்றிருக்கிறது, கான்கிரீட் கூடச் செலவாகும், பைலுக்குக் கெடுதல் இல்லை. 6.2 ஏறிவிட்டால்தான் நெஞ்சு பதறும். கான்கிரீட் மிச்சமாகிறது என்று யாராவது சந்தோஷப்பட்டால் அவரைப் பேசவிடாதீர்கள். உள்ளே மண் சரிந்து பைல் மெலிந்திருக்கிறது. எந்த ஆழத்திலிருந்து எந்த ஆழம் வரை என்று வட்டமிட்டு எழுதி, அன்றைக்கே கன்சல்டன்டிடம் காட்டுங்கள். மறைத்தாலும், பைல் முழுசாக இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி டெஸ்ட் காட்டிவிடும்.

நான் அளக்காமல் எழுதிய பைல் ஒன்று உண்டு. 2009, வேறொரு ஆறு, வேறொரு கம்பெனி. இரவு ஒரு மணி. மூன்றாவது வண்டி ஒன்றே முக்கால் மணி நேரம் தாமதம். வந்தபோது பைப்புக்குள் கான்கிரீட் இறுகிப்போய் இறங்கவில்லை. கிரேனால் பைப்பைத் தூக்கித் தூக்கி இறக்கினார்கள். திடீரென்று வேகமாக இறங்கியது, எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும்தான். குண்டு இறக்கவில்லை. முந்தின எண்ணிலிருந்து 5.3-ஐக் கழித்து நோட்டில் எழுதிவிட்டேன். பைப் கான்கிரீட்டுக்கு வெளியே வந்து பென்டோனைட்டுக்குள் கொட்டியிருக்கிறது. டெஸ்டில் 8 மீட்டரில் துண்டிப்பு தெரிந்தது. அந்தப் பைலைக் கழித்துவிட்டு இரண்டு பைல் கூடுதலாகப் போட்டு, பைல்களின் தலையை இணைக்கும் பைல் கேப்பை மாற்றி வரைந்து, அந்தப் பியர் மட்டும் ஒரு வெள்ளக் காலம் பிந்திப்போனது. நோட்டில் என் கையெழுத்தில் இருந்த எண் அழகாக, சரியாக இருந்தது. இப்போதும் அந்தப் பக்கம் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

ஆகவே வண்டி தாமதமானால் பைப்பைச் சிறிய அளவில், ஒரு சாண் மட்டும், மேலும் கீழும் அசைத்துக்கொண்டே இருங்கள். புதைவு 4 மீட்டர் வரை இருக்கும்படி முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். பைப் வெளியே வந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் உடனே நிறுத்தி, அளந்து, மேலே சொல்லுங்கள். இரவு ஒரு மணிக்கு போன் போட்டால் திட்டுவார்கள். திட்டட்டும்.

கிரேனுக்குக் கை காட்டுபவர் ஒருவர் மட்டும்தான். எங்கள் சைட்டில் பாதிப்பேர் பீகார், ஒடிசா, மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள். இரைச்சலில் "நிறுத்து" என்றால் பாதிப்பேருக்கும் "ரோகோ" என்றால் மீதிப்பேருக்கும் புரியாது. இரண்டு கையையும் தலைக்குமேல் குறுக்கே வைத்தால் எல்லாம் நிற்க வேண்டும் என்று தொடங்கும் முன் ஒருமுறை செய்து காட்டுவேன். அவர்களுக்கு இரவுச் சாப்பாடு கான்கிரீட் தொடங்கும் முன்பே முடிந்திருக்க வேண்டும். பசியோடு பிடிக்கும் பைப் கை நழுவும்.

கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்கும் கியூபுக்கு மூன்று சாம்பிள், சாம்பிளுக்கு மூன்று கியூப். வெவ்வேறு வண்டியிலிருந்து எடுங்கள். ஏழாம் நாள் பார்க்க வேண்டுமென்றால் கூடுதலாக எடுத்து வையுங்கள்.

மேலே வந்ததும்

முதலில் மேலே வருவது நல்ல கான்கிரீட் அல்ல. பென்டோனைட்டும் மணலும் சிமென்ட் பாலும் கலந்த கூழ். அதனால்தான் பைலின் தலை முடிய வேண்டிய கட்-ஆஃப் மட்டத்துக்குமேல் 600-லிருந்து 900 மில்லிமீட்டர் வரை கூடுதலாக ஏற்றிப் பிறகு உடைக்கிறோம். நிறுத்தும் முன் வழிவதில் ஒரு கை அள்ளி விரல்களுக்கு நடுவில் நசுக்கிப் பாருங்கள். ஜல்லி உருண்டு, சாந்து அதைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். வழுவழுவென்று நழுவி, விரலில் சாம்பல் நிறம் மட்டும் ஒட்டினால் இன்னும் ஏற்றுங்கள். கையை உடனே கழுவுங்கள், சிமென்ட் தோலை அரித்துவிடும்.

தற்காலிகக் கேசிங் என்றால் கான்கிரீட் இளகி இருக்கும்போதே மெதுவாக, நேராக உருவுங்கள். உருவ உருவ மட்டம் இறங்கும். அதற்கென்று கடைசி வண்டியில் அரை கன மீட்டர் மிச்சம் வைத்திருங்கள்.

கட்-ஆஃப் தரைக்குக் கீழே இருந்தால் மேலே ஒரு வெற்றுக்குழி நிற்கும். வீட்டுக்குப் போகும் முன் அதன்மேல் கம்பிவலை போட்டு, சுற்றிலும் கட்டையும் நாடாவும் கட்டுங்கள். விடியும்போது ஆற்றுக்குள் ஆடு மாடு வரும். பின்னாடியே பிள்ளைகள் வருவார்கள். இதை மட்டும் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள், நின்று போட்டுவிட்டுப் போங்கள்.

14 நாள் கழித்து இன்டெக்ரிட்டி டெஸ்ட். லோடு டெஸ்டுக்கு எந்தப் பைல் என்பதை கன்சல்டன்ட் சொல்வார்.

பைல் ரிஜிஸ்டரில் வண்டி எண், வந்த நேரம், ஸ்லம்ப், அளந்த ஆழம், கழற்றிய பைப் எல்லாவற்றையும் அங்கேயே, அந்த வெளிச்சத்திலேயே எழுதி, துறை ஏஇ, அதாவது உதவிப் பொறியாளரின் கையெழுத்தையும் வாங்கிவிடுங்கள். காலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் ஞாபகத்திலிருந்து எழுதுவீர்கள்.

கடைசியாக அடுத்த நாள் வேலை. ஒரு பைல் கேப்பில் நாலு பைல், நடுவுக்கு நடு 3.6 மீட்டர். இன்று போட்டதற்குப் பக்கத்திலேயே நாளை துளை போட்டால், இறுகாத பைலுக்கு அதிர்ச்சி போகும். எதிர்மூலையில் இருப்பது 5 மீட்டருக்குமேல் தள்ளி இருக்கிறது. அதிலும் இன்றைய கான்கிரீட்டுக்கு 24 மணி நேரமாவது ஆன பிறகுதான் தொடங்கச் சொல்வேன். ரிக் ஆபரேட்டரிடம் "ஒண்ணுக்கு அப்புறம் மூணு" என்று சொல்லி, மூன்றாம் நம்பர் முளையில் ஒரு சிவப்புத் துணியையும் கட்டிவிட்டுத்தான் ஷெட்டுக்குப் போவேன்.